முடிச்சுப் போட்டவன்

மார்ச் 3, திங்கள்
பம்பு ரூம்

நாலாம் மாடி மகாராஜாவுக்கு, கீழ இருக்கிற வாட்ச்மேன், அதாவது உன்னைப் பெத்த அப்பன் எழுதிக்கிறது.

கூடையில ரொட்டி, முட்டை, வலி மாத்திரை, சோப்பு எல்லாம் இருக்கு. கயித்தை மெதுவா இழு. போன தடவை நீ வெடுக்குனு இழுத்ததுல முட்டை உடைஞ்சு என் தலையில ஒழுகிச்சு. அந்தப் பக்கமா வந்த தையல்காரம்மா, "என்னங்க, ஷாம்பூவா?"ன்னு கேட்டுட்டுப் போறாங்க. உன் எதிர் வீட்டுக்காரங்களுக்கு வாய் ரொம்ப ஜாஸ்தி. ஆனா உனக்குச் சாப்பாடு கொடுக்கிற புண்ணியவதி, அதனால ஒண்ணும் சொல்லல.

நீ என்கூடப் பேச மாட்டேன்னு சொல்லி ரெண்டு வாரம் ஆகப் போகுது. உன் மூஞ்சிய தேர்தல் பேனர்ல போடுறதுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்னு கோவம். சரி, கோவப்படு. ஆனா போனைத் தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சியே, அது எங்க போய் விழுந்துச்சு தெரியுமா? நம்ம கட்சிக்காரர் இருக்காரே, பல்லு, அவரோட ஸ்கூட்டர் சீட்டுல. சீட்டு கிழிஞ்சு பஞ்சு வெளிய வந்துருச்சு. அப்பவும் அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டேதான் நின்னாரு. அந்தப் பல்லை மூடவே தெரியாதா அவருக்கு?

நேர்ல வந்து உன் காதுல கத்தலாம்னா, தண்ணி கேனோட படியில உருண்டதுல எனக்கு முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. நீ கீழ வர முடியாது, நான் மேல வர முடியாது. பின்பக்கச் சமையல் ஜன்னல் கம்பி வழியா உன் கை மட்டும் வந்து கூடையை எடுத்துட்டு உள்ள போகுது. பெத்த பிள்ளையோட கையை மட்டும் பாத்துட்டு இருக்கிற அப்பன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். நகத்தை வெட்டுடா.

விஷயத்துக்கு வர்றேன். வர்ற 19ஆம் தேதி புதன்கிழமை முன்னாள் வீரர் ஆஸ்பத்திரியில உனக்குச் செயற்கைக் காலுக்கு அளவு எடுக்கிற நாள். ஏற்கெனவே ரெண்டு தடவை போகாம விட்டாச்சு. மூணாவது தடவையும் போகலைன்னா "வராதவர்"னு முத்திரை குத்திக் கோப்பை மூடிருவாங்களாம். அவங்க பார்சல்ல அனுப்பின கால் ஆறடி ஆளுக்குச் செஞ்சது. அதை மாட்டினா நீ ஒரு பக்கம் மேட்டுல நிக்கிற மாதிரி நிக்கணும்.

என்கூடச் சாமான் இறக்கின பழைய கூட்டாளிங்க பீப்பாயும் ஒட்டடைக்குச்சியும் வர்றேங்கிறாங்க. நாற்காலியில உக்கார வச்சு அலுங்காம இறக்கிருவாங்க. சரின்னு ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. பேச வேண்டாம், எழுதினாப் போதும்.

அப்பன்

*

மார்ச் 4

அப்பாவுக்கு,

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நாற்காலி வேண்டாம்.

போன வருஷம் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று உங்கள் கூட்டாளிகள் என்னை நாற்காலியோடு சேர்த்துப் பட்டையால் கட்டி மேலே ஏற்றினார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. பீரோ ஏற்றியவர்களுக்குப் பீரோ மாதிரிதானே ஏற்றத் தெரியும்? ஆனால் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. யாரோ கை தட்டினார்கள். மூன்றாம் மாடியில் பல்லுக்காரர் ஓடி வந்து, நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, தானே தூக்குவதுபோல் போட்டோவுக்கு நின்றார். அந்தப் படம் எடுக்கும்வரை பீப்பாய் மாமா மூச்சை அடக்கிக்கொண்டு என் முழு எடையையும் தாங்கிக்கொண்டிருந்தார். என் கைகள் பட்டைக்குள் இருந்தன. முகத்தைக்கூட மூடிக்கொள்ள முடியவில்லை.

அன்றே சொன்னேன், இனி என்னை யாரும் தூக்கக் கூடாது என்று. நான் இறங்கினால் நானாகத்தான் இறங்குவேன்.

பேனரைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் அதைத் தெருவிலிருந்து பார்க்கிறீர்கள். நான் பின்பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கூடத்தின் பெரிய ஜன்னல் முழுவதும் அதன் பின்னால் போய்விட்டது. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. வெயில் ஏறும்போது என் முகம் இடவலம் மாறிய எழுத்துகளோடு உள்ளே தெரிகிறது. ஜன்னல் சரியாக என் வாய்க்கு நேரே இருக்கிறது. என் பற்களின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறேன். பக்கத்தில் நம் தொகுதி உறுப்பினரின் காது. பெரிய காதுதான். அதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஊர் முழுக்க நான் நிற்கிறேன். வீட்டுக்குள் நடக்க முடியவில்லை.

எதற்காகக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று ஒரு முறையாவது நேராகச் சொல்லுங்கள், கிண்டல் இல்லாமல்.

நகம் வெட்டிவிட்டேன்.

*

மார்ச் 7, வெள்ளி

ஜெனரல் ஐயாவுக்கு,

ராணுவ லாரி ஓட்டினவனை ஜெனரல்னு கூப்பிடக் கூடாதுதான். ஆனா பேனர்ல உன் தோள்ல அவ்வளவு பட்டையும் நட்சத்திரமும் வரைஞ்சு விட்டிருக்கானுங்க. நான் என்ன செய்ய?

கிண்டல் இல்லாமச் சொல்லுன்னு கேட்டிருக்க. கையில்லாமச் சோறு தின்னுங்கிற மாதிரி இருக்கு. இருந்தாலும் சொல்றேன். கீழ்த்தள வீடு தர்றேன்னாங்கடா. அரசாங்கக் குடியிருப்புல, வாசல்ல சரிவு போட்டு, கதவு அகலமா. "உங்க பையன் தானா வெளிய போயிட்டு வரலாம், பெரியவரே"ன்னாரு பல்லு. நீ தானா வெளிய போறதை நான் அந்த நிமிஷம் கண்ணால பாத்தேன். அதுக்குள்ள பேனாவைக் கையில திணிச்சுட்டாரு. அவ்வளவுதான்.

நேத்து அந்த வீட்டைப் பத்திக் கேக்கப் போனேன். "தேர்தல் முடியட்டும், பெரியவரே"ங்கிறாரு. சரி, பேனரையாவது ஒரு பக்கமா நகத்துங்க, பையன் இருட்டுல கிடக்கிறான்னேன். "இருட்டுல கிடந்தாலும் ஊருக்கு வெளிச்சம் தர்றாரே"ன்னு சொல்லிட்டு, பக்கத்துல இருந்தவன்கிட்ட, "இதை எழுதி வச்சுக்கோ, மேடைக்கு ஆகும்"னாரு.

வர்ற வழியில எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான். அந்தப் பேனரை அவங்க இறக்கித் தர்றாங்களாம். ஆகா, நல்ல மனுஷன்னு நினைச்சேன். "இறக்கிட்டு எங்க பேனரை மாட்டுறோம், உங்க பையன் இதுல இன்னும் நல்லா இருப்பாரு"ங்கிறான். எந்தக் கட்சி வந்தாலும் உனக்கு ஜன்னல் கிடையாதுடா. மூஞ்சி மட்டும்தான் மாறாது.

அப்புறம் முன்னாள் வீரர் ஆபீஸ். மாவுக்கட்டுக் காலை ஊன்றுகோல் வச்சு இழுத்துக்கிட்டுப் போய் நின்னேன். கண்ணாடிக்குப் பின்னால ஒரு பொண்ணு. பாவம், நல்ல பொண்ணுதான்.

"ஆள் எங்கங்க?"

"நாலாம் மாடியில."

"நேர்ல வரணுமே."

"கால் இல்லம்மா, எப்படி வருவான்?"

"கால் குடுக்கத்தானே வரச் சொல்றோம்."

"கால் இருந்தா வந்துருவானே."

"வந்தாத்தானே கால் குடுக்க முடியும்?"

அந்தப் பொண்ணுக்கே சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுட்டு, உடனே பயந்து பின்னாடி திரும்பிப் பாத்துச்சு. வண்டி அனுப்புறாங்களாம், ஆனா வாசல் வரைக்கும்தான் வருமாம். படி ஏறுறது வண்டிக்காரங்க வேலை இல்லையாம். யாரு வேலைம்மான்னு கேட்டேன். "அது எங்க பிரிவு இல்லைங்க"ன்னுச்சு. எந்தப் பிரிவுன்னு கேட்டேன். அதுவும் அவங்க பிரிவுக்குத் தெரியாதாம்.

வரிசையில எனக்குப் பின்னால ஒருத்தர், ரெண்டு கண்ணும் தெரியாது. பார்வை இல்லைன்னு எழுதின பேப்பரை அவரே வாசிச்சுச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணுமாம். நான்தான் வாசிச்சுக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் நான். சாயங்காலம் ஆயிருச்சு.

புதன்கிழமைக்கு வண்டி சொல்லிட்டு வந்துட்டேன். வாசல் வரைக்கும் வரும். நீ வாசல் வரைக்கும் வர்றதுதான் பாக்கி.

அப்பன்

*

மார்ச் 9

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிரிக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. எதிர் வீட்டில் தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. ஒரு வருஷமாக இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்காது.

அந்த நெட்டைக் காலை மூலையில் சாய்த்து வைத்திருக்கிறேன். சில நேரம் அதோடு பேசுகிறேன். யாருக்காகச் செய்தார்களோ அந்த ஆறடி ஆள் இப்போது எங்கோ என் அளவுக் காலை வைத்துக்கொண்டு குட்டையாக நிற்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அவருக்கும் ஒரு அப்பா ஆபீஸ் ஆபீஸாக அலைவார்.

கையெழுத்து விஷயம் புரிந்தது. கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். காலையில் எழுந்தால் முதலில் அந்தப் பற்கள்தான் தெரிகின்றன.

புதனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நானாக ஒரு வழி பார்க்கிறேன்.

*

மார்ச் 11, செவ்வாய்

டேய்,

பட்டம் எதுவும் இன்னிக்குக் கிடையாது.

நேத்து நீ பாத்த வழியைத் தையல்காரம்மா வந்து சொன்னாங்க. அந்த நெட்டைக் காலை மாட்டிக்கிட்டு, ஒரு கையில கைப்பிடிச் சுவரு, ஒரு கையில துடைப்பக் கட்டை. மூணாம் மாடித் திருப்பத்துல உக்காந்துட்டியாம். கீழயும் போக முடியல, மேலயும் வர முடியல. அந்தம்மா வந்து கை கொடுத்தா வேண்டாம்னுட்டு, உக்காந்தபடியே பின்னால தள்ளித் தள்ளி ஒவ்வொரு படியா ஏறிப் போனியாம். கால் மட்டும் தனியா கீழ உருண்டு போச்சாம். அதை அந்தம்மா கொண்டாந்து என் ரூம்ல வச்சிருக்காங்க. என் கட்டிலுக்குப் பக்கத்துல படுத்திருக்கு, உன்னை மாதிரியே எதுவும் பேசாம.

நான் அந்த நேரத்துல இங்கதான்டா இருந்தேன், படிக்கட்டுக்கு அடியில. மேல ஏதோ உருண்ட சத்தம் கேட்டுச்சு. யாரோ பந்து விளையாடுறாங்கன்னு நினைச்சேன்.

சரி, கேளு. ராத்திரி எல்லாம் யோசிச்சேன். நம்ம கட்டடத்துப் படி பெரிய பீரோவுக்கே பத்தாது. அதனாலதான் கட்டினவன் முன்பக்கம் பெரிய ஜன்னலுக்கு மேல இரும்புக் கொக்கி வச்சிருக்கான். உங்கம்மா கொண்டாந்த கண்ணாடி பீரோ அந்த வழியாத்தான் உள்ள வந்துச்சு. நான் சாமான் இறக்கின காலத்துல ஒரு கீறல் விழுந்தது கிடையாது.

உடனே முறைக்காதே. உன்னை பீரோ மாதிரி இறக்கப் போறதில்ல. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன் பலகையில உக்காந்து தொங்குறான் பாரு, அவனை யாரு தூக்குறா, யாரு இறக்குறா? கயிறு மேல கப்பியில சுத்தி அவன் கைக்கே திரும்பி வருது. விட்டா இறங்குவான், பிடிச்சா நிப்பான். அவன் எடை அவன் கையில. அது மாதிரி நீயே உன்னை இறக்கிக்கோ. ஒருத்தன் உன்னைத் தொட மாட்டான்.

பீப்பாய் மொட்டை மாடியில ஒரு துணைக் கயித்தைப் பிடிச்சிருப்பான். அது உன்னைத் தூக்க இல்ல. உன்னை நான் நம்பலங்கிறதுக்கு.

லாரி ஓட்டின கை. கயிறு கட்டத் தெரியாதவனா நீ? என்ன சொல்ற?

அப்பன்

*

மார்ச் 13

அப்பாவுக்கு,

பந்து இல்லை, நான்தான். கத்தியிருக்கலாம். உங்களைக் கூப்பிட வாய் வரவில்லை. பேச மாட்டேன் என்று சொன்ன வாய் அது.

பலகை யோசனை சரி. நேற்று முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். லாரியிலிருந்து பீப்பாய்களைக் கயிற்றில் இறக்கியிருக்கிறேன். ஆகவே என்னையும் இறக்கிக்கொள்ள முடியும் என்றுதான் தோன்றுகிறது. (பீப்பாய் மாமாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)

ஆனால் ஜன்னலுக்கு வெளியே நான் இருக்கிறேனே. என் வாயைக் கிழித்தால்தான் நான் வெளியே வர முடியும். அதை நானே உள்ளிருந்து செய்துகொள்கிறேன். தையல்காரம்மா துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலைத் தருவதாகச் சொல்லிவிட்டார். "நல்லா நேரா வெட்டுப்பா, கோணலா வெட்டினா தைக்கிறது கஷ்டம்" என்றார். எதையும் தைக்கிற கணக்கில்தான் பார்க்கிறார்.

எனக்கு இரண்டு நிபந்தனைகள்.

ஒன்று, அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. பேனரைக் காப்பதும் உங்கள் வேலையில் சேர்த்தி என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். கிழித்தது நான் என்றால் என்ன செய்வார்கள்? மாவீரனைத் திட்ட முடியாது, அந்த வார்த்தையையே இரண்டடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உங்களை மட்டும் வெளியே தள்ளுவார்கள். ஆகவே டீக்கடைக்குப் போய் உட்காருங்கள்.

இரண்டு, யாரும் கை தட்டக் கூடாது.

*

மார்ச் 16, ஞாயிறு

மாவீரனுக்கு,

ரெண்டாவது நிபந்தனைக்குச் சரி. முதல் நிபந்தனையை மடிச்சுக் கூடையிலயே திருப்பி அனுப்புறேன்.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. இதை உன்கிட்டச் சொன்னதில்ல, நீ சாமான் இறக்க வர மாட்டேன்னு லாரி ஓட்டப் போனவன். முடிச்சுப் போட்டவன்தான் பாரத்துக்கு நேர் அடியில நிக்கணும். வேற யாரையும் நிறுத்தக் கூடாது. மேஸ்திரியா இருந்தாலும் சரி, அவன் போட்ட முடிச்சு, அவன் தலை. அதனாலதான் எங்க ஆளுங்க யாரும் முடிச்சை அவசரத்துல போட மாட்டாங்க. ஒட்டடைக்குச்சி ஒரு தடவை மூணு முறை அவுத்து அவுத்துக் கட்டினான். ஏன்டான்னா, "காலையில பெண்டாட்டியோட சண்டை, கவனம் இல்ல"ன்னான்.

உன் பலகைக்கு முடிச்சு நான் போட்டிருக்கேன். இங்க பம்பு ரூம்ல உக்காந்து கட்டினது. சமையல் ஜன்னல் கம்பியில நுழையாது, அதனால தையல்காரம்மா கையில கொடுத்து விட்டிருக்கேன். நானே ஏறி உக்காந்து, பம்பு குழாயில மாட்டித் தொங்கிப் பாத்தேன். மாவுக்கட்டோட தொங்கினதைப் பாத்துட்டுப் பால்காரன் ஓடியே போயிட்டான்.

அதனால கீழ நான்தான் நிப்பேன். வேலை போனா போகட்டும். பம்பு ரூம் என்ன, அரண்மனையா?

புதன்கிழமை காலையில, வண்டி வந்து ஹாரன் அடிச்சதும் வெட்ட ஆரம்பி. முதல்ல கீழ் உதடு. காத்து உள்ள வரும், பயப்படாதே. வெளிய வந்ததும் கீழ பாக்காதே, முடிச்சைப் பாரு. கைக்கு ரெண்டு முழத்துக்கு மேல ஒரே தடவையில விடாதே.

கீழ பாக்கணும்னு தோணிச்சுன்னா என்னைப் பாரு.

அப்பன்

*

மார்ச் 24, திங்கள்
பம்பு ரூம்

அப்பாவுக்கு,

இந்த இடத்திலிருந்து மேலே கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததில்லை. கூடையில் ரொட்டி, முட்டை, உங்கள் சுருட்டு. மெதுவாக இழுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்துக்கொண்டார்கள். நேற்று மாலை வண்டி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. உங்களை இங்கே தேடினேன். உங்கள் கட்டில் இருந்தது, நீங்கள் இல்லை. மேலே இருக்கிறீர்கள் என்று தையல்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அன்றைக்கு உங்களிடம் சொல்ல நேரமில்லை. வெட்டியதும் வெயில் வந்து முகத்தில் அடித்தது. ஒரு மாசத்துக்குப் பிறகு தெருவின் சத்தம் எதன் பின்னாலும் இல்லாமல் கேட்டது. பலகையில் உட்கார்ந்து வெளியே தள்ளியதும் நீங்கள் சொன்னபடி முடிச்சைப் பார்த்தேன். பிறகு கீழே பார்த்துவிட்டேன். தெருவில் அத்தனை பேர் ஒதுங்கி நிற்க, நடுவில் வட்டமாகக் காலி இடம், அதில் ஊன்றுகோலோடு நீங்கள் மட்டும். அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு. நான் விழுந்தால் நேராக உங்கள் மேல்தான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட இரண்டு முழத்துக்கு மேல் விடவில்லை.

யாரும் கை தட்டவில்லை. நன்றி. ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று பிறகு தெரிந்தது.

கால் அளவு எடுத்தார்கள். மருத்துவர் நல்லவர். கால் எப்போது வரும் என்றேன். கொள்முதல் அனுமதி தேர்தலுக்குப் பிறகுதானாம். அதுவரை பழைய கால் இருக்கிறதே என்றார்கள். அது நெட்டை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இன்று காலை பல்லுக்காரர் வந்தார். நான் வாய்க்குள்ளிருந்து வந்ததை எத்தனையோ பேர் போனில் எடுத்துவிட்டார்களாம், ஊரே பார்த்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே ஒரு மாலையைப் போட்டார். "சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டோம் தம்பி. கீழ்த்தளத்துல ரூம், கூடவே வேலை." ரூம் இதுதான். வேலை உங்கள் வேலை. உங்களை நீக்கிவிட்டு என்னை வாட்ச்மேனாக்கியிருக்கிறார்கள். முக்கியமான பொறுப்பு என்ன என்றேன். தேர்தல் முடியும்வரை பேனருக்கு எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்வதாம்.

என் முகத்துக்கு நானே காவல்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். மேலே உங்களை நினைத்தேன். தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலையும் போட்டோ எடுத்தார்கள்.

உங்களை எப்படி மேலே கொண்டுபோனார்கள்? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

*

மார்ச் 27, வியாழன்
நாலாம் மாடி

வாட்ச்மேன் ஐயா அவர்களுக்கு,

பழைய வாட்ச்மேன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். பம்பு மோட்டாரை ரெண்டு தடவை தட்டினாத்தான் ஓடும். எலிக்கு ரொட்டித் துண்டு ஒண்ணு மூலையில போடு, இல்லைன்னா செருப்பைத் தின்னுரும். உனக்கு ஒரு செருப்புதான், பத்திரம்.

எப்படிக் கொண்டுபோனாங்கன்னு கேட்டிருக்க. நாற்காலியிலதான். ரூமை அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பீப்பாயும் ஒட்டடைக்குச்சியும் அதே பட்டையைக் கொண்டாந்து கட்டினாங்க. "அண்ணே, மன்னிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டே கட்டினான் பீப்பாய். நானும் தமாஷ் பண்ணிக்கிட்டேதான் ஏறினேன். மூணாம் மாடித் திருப்பத்துல ஒரு கதவு திறந்துச்சு. நல்ல குடும்பம், எனக்கு வேண்டியவங்கதான். "பாவம், பெரியவரு"ன்னாங்க. அதுக்கு மேல எனக்குத் தமாஷ் வரல. மூக்குல ஈ உக்காந்துச்சு. கை பட்டைக்குள்ள. அந்த ஈ நாலாம் மாடி வரைக்கும் என் மூக்குலயே வந்துச்சுடா.

அப்பத்தான், உன்னை நான் நாற்காலியில வான்னு கூப்பிட்டது ஞாபகம் வந்துச்சு. சரி, விடு.

இங்க எனக்கு என்ன குறை? பேனர் வாயைத் தையல்காரம்மாவை விட்டே தைக்கச் சொல்லிட்டாரு பல்லு. அந்தம்மா இங்க என் கூடத்துல உக்காந்து, உள்பக்கமா இருந்து தைச்சாங்க. "வாயை மூடித் தைங்க, சிரிப்பு வேண்டாம், வீரனா இருக்கட்டும்"னாராம். இப்ப நீ உதட்டை இறுக்கிக்கிட்டு நிக்கிற. நான் அதுக்குப் பின்னால டீ குடிக்கிறேன். நீ எழுதினியே, பல்லோட பின்பக்கம்னு. எனக்கு அதுகூட இல்ல, வெறும் தையல்தான்.

காத்து மட்டும் தையல் இடுக்குல வருது. அந்தம்மாகிட்டக் கேட்டேன், என்னங்க இப்படி இடைவெளி விட்டுத் தைச்சிருக்கீங்கன்னு. "கண்ணு சரியாத் தெரியலைங்க"ன்னாங்க. ஊசியில ஒரே தடவையில நூல் கோர்க்கிற பொம்பளை.

அந்த இடுக்குல என் கை நுழையுது. சாயங்காலம் நாலு மணிக்குத் தெருவுல நின்னு அண்ணாந்து பாரு. உன் வாயில இருந்து என் விரல் அஞ்சும் வெளிய வந்து ஆடும். பல்லு பாத்தாருன்னா அதையும் எழுதி வச்சுக்குவாரு, மேடைக்கு.

ஏப்ரல் 2 எனக்கு மாவுக்கட்டு வெட்டுற நாள். ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லி அனுப்பிரு. நாற்காலியில நான் ஏற மாட்டேன், செத்தாலும் மாட்டேன். ஜன்னல் வழியா வந்தா, பேனரைக் காக்கத் தெரியலைன்னு உன்னை நிறுத்திருவாங்க. வீடும் போகும். உன் கால் வர்ற வரைக்கும் இந்த வேலை உனக்கு வேணும்டா. தையல்காரம்மா கத்திரிக்கோல் இங்கதான் இருக்கு, அதாலயே மாவுக்கட்டை வெட்டிக்கிறேன். எலும்பு கோணலா ஒட்டினா, அந்த நெட்டைக் காலை எனக்கு அனுப்பு, சரியா இருக்கும்.

நீ உன் கால்ல படியேறி வா. அதுவரைக்கும் நான் எங்க போகப் போறேன்?

கூடையைக் கீழ விடுறேன். நகத்தை வெட்டிட்டேன், பாத்துக்கோ.

அப்பன்

*

ஏப்ரல் 2, புதன், காலை

அப்பாவுக்கு,

நாலு மணிக்குத் தினமும் அண்ணாந்து பார்க்கிறேன். நேற்று மழையில்கூட உங்கள் விரல்கள் வந்தன.

பலகை தையல்காரம்மாவிடம் இருக்கிறது, இந்நேரம் கதவைத் தட்டியிருப்பார். பீப்பாய் மாமா மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். வண்டி வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. மாவுக்கட்டில் கத்திரிக்கோலை வைக்காதீர்கள், பேனர் தையலை வெட்ட அது வேண்டும். கீழ் உதட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

வேலையைப் பற்றிப் பேச வேண்டாம். முடிச்சை நான் போட்டிருக்கிறேன். மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன்.

கீழே நிற்கிறேன்.